வெடியில் தப்பியவரை வார்டில் இழக்கிறோம்

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசி போகும் சாலையில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக விரைந்தால், காட்டு வேலையில் இருப்பவர்கள் நிமிர்ந்து நின்றுவிடுவார்கள். எந்த ஆலை, நம்ம ஊர் ஆள் யாராவது உண்டா என்ற விசாரிப்பு முடிந்ததும் அடுத்து வருகிற கேள்வி, 'எத்தனை சதவீதம்?' பட்டாசு வட்டாரத்தில் பள்ளிக்கூடப் படி மிதிக்காத பாட்டிக்கும், உடம்பில் எவ்வளவு வெந்தது என்ற இந்தக் கணக்கு தெரியும். முப்பது என்றால் பிழைத்துக்கொள்வார்கள். ஐம்பது என்றால் கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள். எண்பது என்றால் யாரும் வாய் திறப்பதில்லை.

இந்தச் சதவீதம் சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது. முதல் மூன்று நாட்கள் கண் விழித்துப் பேசியவர், கஞ்சி குடித்தவர், பிள்ளைகளை விசாரித்தவர், எட்டாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ குளிர் நடுங்கி, நினைவு தப்பி இறந்துபோகிறார். 'காயம் ஜாஸ்தி, உடம்பு தாங்கல' என்று ஊர் முடிவு கட்டிவிடும். அவர் காயத்தில் என்ன கிருமி வளர்ந்தது, அதற்கு எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை என்று குடும்பமும் கேட்பதில்லை. பெரும்பாலும் யாரும் சொல்வதுமில்லை.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து நாற்பதை ஒட்டிய உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளத்தில் வெடித்தபோது, அன்று மாலை சொல்லப்பட்ட பலி எண்ணிக்கை அடுத்தடுத்த நாட்களில் மருத்துவமனைகளிலிருந்து வந்த செய்திகளால் கூடிக்கொண்டே போய் இருபதைத் தாண்டியது. பெரிய விபத்து ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு இரண்டாம் பட்டியல் உண்டு. அதில் புகையால் நுரையீரல் வெந்தவர்கள் இருப்பார்கள், சிறுநீரகம் நின்றுபோனவர்கள் இருப்பார்கள். ஆனால் முதல் சில நாட்களைத் தாண்டிய தீக்காயர்கள் இறந்தால் அதற்கு முதன்மைக் காரணம் கிருமித்தொற்று என்பதில் உலகத் தீக்காய மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அந்தத் தொற்றை அடக்க வேண்டிய ஆன்டிபயாடிக் ஏன் அடக்காமல் போகிறது? பதிலின் பெரும்பகுதி மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறது.

தோல் என்பது உடம்பின் மதில். அது வெந்துவிட்டால் அடியில் இருப்பது கருகிய, ரத்த ஓட்டம் அற்ற இறந்த சதை. புரதமும் ஈரமும் நிறைந்த அந்தப் படலம் பாக்டீரியாவுக்கு விருந்து. நெருப்பு மேல்தோலில் இருந்த கிருமிகளைக் கொன்றாலும் மயிர்க்கால்களுக்கும் வியர்வைச் சுரப்பிகளுக்கும் அடியில் கொஞ்சம் தப்பி நிற்கும். அவை முதல் இரண்டு நாட்களில் தலைதூக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆட்கள் மாறிவிடுவார்கள். நோயாளியின் குடலிலிருந்தும் வார்டிலிருந்தும் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் வந்து குடியேறும். சூடோமோனாஸ் வந்துவிட்டதை அனுபவப்பட்ட செவிலியர்கள் கட்டுப் பிரிக்கும்போதே சொல்லிவிடுவார்கள். பஞ்சில் ஒருவிதப் பச்சை ஏறியிருக்கும். திராட்சை கனிந்து கெட்டதுபோல் ஒரு தித்திப்பான வாடை வரும். அசினெட்டோபாக்டர் இன்னும் பொல்லாதது. கட்டில் கம்பி, மானிட்டர் பொத்தான், திரைச்சீலை என்று காய்ந்த இடத்திலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இப்போது வார்டில் நடப்பதைப் பாருங்கள். தீக்காயம் என்று சேர்ந்த முதல் மணி நேரத்திலேயே ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கிவிடுவது நம் மருத்துவமனைகளில் சகஜம், அரசு என்றாலும் தனியார் என்றாலும். தொற்று வந்துவிட்டது என்பதற்காக அல்ல, வந்துவிடுமோ என்பதற்காக. பெரும்பாலான தீக்காயர்களுக்கு இப்படி முன்கூட்டியே நரம்பு வழி ஆன்டிபயாடிக் தர வேண்டியதில்லை என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. காரணம் எளியது. இறந்த சதைக்கு ரத்தம் போவதில்லை. ரத்தத்தோடு போகிற மருந்தும் அங்கே போய்ச் சேராது. சேர வேண்டிய இடத்துக்குச் சேராத மருந்து, குடலிலும் நல்ல தோலிலும் இருக்கும் தீங்கற்ற கிருமிகளைத்தான் முதலில் அழிக்கிறது. களைக்கொல்லி அடித்த காட்டில் அதற்குச் சாகாத களை மட்டும் தனிக்காட்டு ராஜாவாக வளர்வதுபோல, மருந்துக்கு அசையாத கிருமிக்கு இடமும் உணவும் கிடைத்துவிடுகிறது. ஐந்து நாள் கழித்து உண்மையான தொற்று வரும்போது, முதலில் போட்ட மருந்தை ஏற்கெனவே தாங்கிப் பழகிய கிருமிதான் வருகிறது. உடனே அடுத்த படி மருந்து. அதுவும் கேட்கவில்லையா, 'மெரோபெனம்'. அதற்கும் மேலே போனால் 'கொலிஸ்டின்'. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓரம் கட்டப்பட்டு, வேறு வழியில்லாமல் திரும்ப எடுக்கப்பட்ட பழைய மருந்து.

ஆன்டிபயாடிக்குக்கு மற்ற மருந்துகளுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. ஒருவர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை அடுத்த கட்டில்காரரின் சர்க்கரையை ஏற்றுவதில்லை. ஒருவருக்கு ஏற்றும் ஆன்டிபயாடிக்கோ, அடுத்த கட்டில்காரருக்குப் பிறகு தேவைப்படும் ஆன்டிபயாடிக்கைச் செல்லாக்காசாக்கக் கூடும். இதை நாம் பொதுச் சொத்தாகப் பார்க்கப் பழகவே இல்லை.

இது தீக்காய வார்டிலிருந்தே உலகம் கற்ற பாடமும்கூட. இங்கிலாந்தின் பர்மிங்காம், சிவகாசிபோல் தொழில் நகரம். அங்கே விபத்துக் காயங்களுக்கென்றே ஒரு மருத்துவமனையும் அதில் ஒரு தீக்காயப் பிரிவும் இருந்தன. எட்வர்ட் லோபரி என்ற பாக்டீரியா ஆய்வாளர் அங்கே பணியாற்றினார். சூடோமோனாஸை அடக்கக் கார்பெனிசிலின் என்ற புது மருந்து 1960-களின் பிற்பகுதியில் வந்தது. பெரிய நம்பிக்கையோடு பயன்படுத்தினார்கள். 1969-இல் அந்தப் பிரிவிலேயே அதற்குச் சற்றும் அசையாத சூடோமோனாஸ் தோன்றியது. ஆய்ந்து பார்த்தபோதுதான் அதிர்ச்சி. எதிர்ப்புக்கான மரபணு, பிளாஸ்மிட் எனப்படும் சிறு டிஎன்ஏ வளையத்தில் ஏறிக்கொண்டு, கிளெப்சியெல்லா போன்ற வேறு இனக் கிருமிகளுக்கும் சூடோமோனாஸுக்கும் இடையே கைமாறிக்கொண்டிருந்தது. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்ற வழக்கம் இல்லை; இனம் விட்டு இனம் கொடுக்கல் வாங்கல். மருந்துப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி, எதிர்ப்பைக் கடத்தும் அந்தக் கிருமிகளை மருத்துவமனையிலிருந்து அகற்ற முடிந்ததை லோபரியும் உடனிருந்தவர்களும் 1972-இல் எழுதினார்கள்.

அதே பிளாஸ்மிட் கதை நம் வாசலுக்கு வந்தது 2010-இல். மெரோபெனம் உள்ளிட்ட கார்பபெனம் வகை மருந்துகளையே உடைத்தெறியும் என்டிஎம்-1 என்ற நொதி சென்னை, ஹரியானா, பிரிட்டன், பாகிஸ்தான் மாதிரிகளில் பரவலாக இருப்பதை அந்த ஆண்டு ஆகஸ்டில் 'லான்செட்' குழும இதழ் வெளியிட்டது. கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. 'என்டி' என்றால் நியூ டெல்லி; பெயரில் டெல்லி இருக்கிறதே என்று டெல்லி கொதித்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். பெயர்ச் சண்டையில் கழிந்த அந்த மாதங்களில் கிருமி சும்மா இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012 ஆகஸ்டில், மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி இதற்கான செயல்திட்டம் வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' என்று உலகம் அதை அறியும். அதை ஒருங்கிணைத்தவர் சென்னை மருத்துவர் அப்துல் கஃபூர். இந்தப் பிரச்சினை உலகத்தின் கவனத்துக்குப் போனதிலும் அதற்கான திட்டம் பிறந்ததிலும் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. அந்தத் திட்டம் மாவட்ட வார்டுகளின் அன்றாடமாக மாறியதா என்பதே கேள்வி.

மத்திய அரசின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 நவம்பர் முதல் 2022 ஏப்ரல் வரை 20 பெரிய மருத்துவமனைகளில் கணக்கெடுத்தது. உள்நோயாளிகளில் ஏறக்குறைய 72 சதவீதம் பேர் ஆன்டிபயாடிக்கில் இருந்தார்கள். அதில் பாதிக்கு மேல், 55 சதவீதம், தொற்று வராமல் தடுக்க என்று தரப்பட்டவை. எந்தக் கிருமி என்று உறுதி செய்துகொண்டு மருந்து தரப்பட்டவர்கள் சுமார் 6 சதவீதம்தான். இவை மருத்துவக் கல்லூரிகளும் உயர் சிகிச்சை மருத்துவமனைகளும். பரிசோதனைக் கூடம் உள்ள இடத்திலேயே நிலைமை இது.

மறுபக்கம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகள். கிளெப்சியெல்லாவில் இமிபெனம் மருந்துக்குக் கட்டுப்பட்டவை 2016-இல் 65 சதவீதம், 2021-இல் 43. அசினெட்டோபாக்டரில் கார்பபெனங்களுக்குக் கட்டுப்படாதவை 2021-இல் 87.5 சதவீதம். கைவசம் இருக்கும் உயர்ந்த மருந்தைப் போட்டால் பத்தில் எட்டுக்கு மேல் வீண் என்று அர்த்தம். 2019-இல் இந்தியாவில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் மருந்தெதிர்ப்புக் கிருமிகளாலேயே இறந்தார்கள் என்பது உலகளாவிய மதிப்பீடு.

இவ்வளவும் தெரிந்த மருத்துவர் ஆன்டிபயாடிக்கை ஏன் எழுதுகிறார்? அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எனக்குச் சம்மதம் இல்லை. அவர் நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள். தீக்காயருக்குத் தொற்று இல்லாமலேயே காய்ச்சல் அடிக்கும், நாடித்துடிப்பு ஏறும், வெள்ளணுக்கள் கூடும். உடம்பு முழுவதும் கொதிநிலையில் இருக்கும். எது தொற்று, எது காயத்தின் தாக்கம் என்று பிரித்துச் சொல்வது பேராசிரியருக்கே கடினம். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். ஞாயிற்றுக்கிழமை மாதிரி எடுக்க ஆள் இல்லை என்றால் நான்கு. அதற்குள் நோயாளி போய்விட்டால் 'ஊசி கூடப் போடல' என்று வெளியே கூட்டம் நிற்கும். இரண்டு கட்டில்களுக்கு இடையே ஒரு ஆள் நடக்க இடமில்லை, கை கழுவும் குழாயில் தண்ணீர் வருமா தெரியாது, இரவில் மொத்த வார்டுக்கும் விரல் விட்டு எண்ணும் அளவில் செவிலியர்கள். தனி அறையை அவரால் எழுதித் தர முடியாது. கூடுதல் செவிலியரை எழுதித் தர முடியாது. மெரோபெனத்தை எழுதித் தர முடியும். இல்லாத வசதிகள் அத்தனைக்கும் ஈடாக நாம் ஆன்டிபயாடிக்கை வைத்திருக்கிறோம். அந்த ஈட்டுக்கான வட்டியைத்தான் இப்போது நோயாளிகள் கட்டுகிறார்கள்.

அந்தக் கல்ச்சர் என்பது என்ன? காயத்திலிருந்து எடுத்த சிறு திசுத் துண்டையோ ரத்தத்தையோ ஊடகத்தில் வைத்து 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு விடுவார்கள். வளர்ந்த கிருமியை எடுத்து, வட்டத் தட்டில் ஜெல்லிபோல் இருக்கும் ஊடகத்தின் மேல் மெல்லப் பூசி, வெவ்வேறு ஆன்டிபயாடிக் ஏற்றிய சிறு காகித வில்லைகளைத் தள்ளித் தள்ளி வைத்து மறுநாள் பார்ப்பார்கள். மருந்து கேட்கும் என்றால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழுந்திருக்கும். நுட்புநர் அதை ஸ்கேலால் அளந்து 'எஸ்' என்று குறிப்பார். கேட்காது என்றால் கிருமி வில்லையின் விளிம்புவரை மூடி வளர்ந்திருக்கும், அதற்கு 'ஆர்'. இன்று தீக்காய வார்டு அறிக்கைகளில் மேலிருந்து கீழ்வரை 'ஆர்', 'ஆர்', 'ஆர்' என்று இறங்கி, கடைசி வரிசையில் ஒற்றை 'எஸ்' நிற்பது அபூர்வக் காட்சி இல்லை. பெரிய கருவி வேண்டாத சோதனை இது. பயிற்சி பெற்ற நுட்புநர், நுண்ணுயிரியல் மருத்துவர், தரமான வில்லைகள், நிற்காத மின்சாரம் போதும். சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரி 12 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவக் கல்லூரி என்றால் நுண்ணுயிரியல் துறையும் உண்டு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவில். கட்டடங்கள் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. மாதிரி எடுத்த நேரம் தொட்டு முடிவு மருத்துவரின் கைக்கு வரும்வரை எத்தனை மணி என்று எண்ணி, அதைக் குறைப்பதை ஒருவரின் பொறுப்பாக்க வேண்டும். ஊசி உடனே தொடங்க வேண்டிய ஆபத்தான நோயாளிகளும் இருப்பார்கள். அவர்களுக்கும் முதலில் மாதிரி, பிறகு மருந்து, 48 மணி நேரத்தில் மறுபரிசீலனை. முடிவு வந்தபின் தேவையில்லாததை நிறுத்துவதும் ஒரு சிகிச்சை என்று மருத்துவக் குறிப்பில் ஏற வேண்டும்.

மருந்தைக் குறைத்தால் நோயாளி செத்துவிடுவார் என்ற பயத்துக்கு வரலாறு வேறு பதில் சொல்கிறது. ஸ்காட்லாந்தில் ஒரு நரம்பு அறுவைப் பிரிவில் கிளெப்சியெல்லா விடாமல் உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்தது. மருந்து மாற்றி மருந்து போட்டும் அடங்கவில்லை. கடைசியில் பிரைஸ், ஸ்லீ என்ற இரு மருத்துவர்கள் அந்தப் பிரிவில் ஆன்டிபயாடிக் அனைத்தையும் நிறுத்தினார்கள். தொற்று மளமளவென்று குறைந்தது. 1970-இல் 'லான்செட்' அதை வெளியிட்டது. இதை அப்படியே சிவகாசியில் செய்யச் சொல்லவில்லை, செய்யவும் கூடாது. ஆனால் கிருமிக்கு வார்டில் சாதகம் செய்துகொடுத்தது மருந்துதான் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

இஸ்ரேல் வேறு வழியில் போனது. கார்பபெனத்துக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா அந்நாட்டு மருத்துவமனைகளில் பரவியபோது, 2007 மார்ச்சில் அரசு ஓர் உத்தரவு போட்டது. அந்தக் கிருமி உள்ள நோயாளிகளைத் தனி இடத்தில் வைக்க வேண்டும், அவர்களுக்கென்று தனிச் செவிலியர்கள் வேண்டும், ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை மேலிடத்துக்கு வர வேண்டும். அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் புதிய தொற்று 79 சதவீதம் குறைந்தது. அதிசய மருந்து எதுவும் அங்கே இல்லை. தனிக் கட்டில், தனி ஆள், தினக் கணக்கு.

தீக்காயத்துக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. கருகிய படலத்தை அழுகும்வரை விடாமல் முதல் சில நாட்களிலேயே செதுக்கி எடுத்துத் தோல் ஒட்டும் முறையை, 1970-இல் ஸ்லோவேனிய மருத்துவர் ஜோரா யான்செகோவிச் உலகுக்குக் காட்டினார். விருந்தையே அகற்றிவிட்டால் விருந்தாளிக்கு வேலை இல்லை. அதற்கு அறுவை அரங்கு நேரம் வேண்டும், ரத்தம் வேண்டும், மயக்க மருத்துவர் வேண்டும், தானத் தோல் வேண்டும். ஆன்டிபயாடிக் பில்லுக்குப் போகும் பணத்தை இங்கே திருப்பினால், மருந்தும் குறையும், ஆளும் பிழைப்பார்.

புது மருந்து வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையின் ஆர்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம் என்ற மூலக்கூறு, செஃபெபீம் மருந்துடன் சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அது என்டிஎம் சுமக்கும் கிருமிக்கு எதிரானது அல்ல. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு உழைப்பில் வரும் மருந்தை நாம் பர்மிங்காம் வேகத்தில் செலவழித்தால் அதுவும் ஓரிரு ஆண்டில் 'ஆர்' வரிசைக்குப் போய்விடும்.

நம் பக்கமும் கொஞ்சம் பொறுப்பு உண்டு. 2014 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள எச்-1 அட்டவணைப்படி, 24 ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் தரக்கூடாது. வாங்கியவர் பெயரை ஏட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கியவர் குடலில் எதிர்ப்புக் கிருமியைச் சுமந்துகொண்டுதான் ஆலைக்குப் போகிறார். விபத்தன்று அதுவும் அவரோடு வார்டுக்கு வருகிறது. கேரளம் 2018-இல் இதற்கென மாநிலச் செயல்திட்டம் போட்டு, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எவ்வளவு கேட்கிறது என்ற பட்டியலை மாநில அளவில் பகிரங்கமாக வெளியிட்டு வருகிறது. பக்கத்து மாநிலத்தால் முடிந்தது நம்மால் முடியாதது அல்ல. விருதுநகர் மாவட்டத்துக்கென்றே, அதிலும் தீக்காய வார்டுக்கென்று தனியாக, அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் வர வேண்டும். எந்த மருத்துவமனை மோசம் என்று ஏலம் போட அல்ல. முதல் ஊசியைத் தேர்ந்தெடுக்கும் இளம் மருத்துவருக்கு இருட்டில் கை நீட்டாமல் இருக்க ஒரு தாள் வேண்டும், அதற்காக.

விபத்து நடக்காமல் தடுப்பதே முதல் வேலை. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் நடந்த பிறகான விசாரணை எதுவும் ஆலையின் வாசலைத் தாண்டுவதில்லை. எந்த அறையில் எவ்வளவு மருந்துக் கலவை, எத்தனை ஆட்கள், உரிமம் யார் பெயரில், ஃபோர்மேன் எங்கே இருந்தார் என்று எல்லாம் எழுதப்படுகிறது. மருத்துவமனையில் ஐந்தாம் நாளுக்குப் பிறகு இறந்தவரின் பெயருக்கு எதிரே 'சிகிச்சை பலனின்றி' என்ற இரண்டு சொல்லோடு கோப்பு மூடப்படுகிறது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தார் என்று படிப்படியாக ஆராயும் முறையைத் தமிழ்நாடு பல ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கிறது. தாய்மார் மரணம் குறைந்ததில் அந்த ஆய்வுக்கும் பங்கு உண்டு. பட்டாசுத் தொழிலாளியின் தாமத மரணத்துக்கும் அதே ஆய்வு வேண்டும். எந்த நாளில் முதல் மாதிரி எடுக்கப்பட்டது, எந்தக் கிருமி வளர்ந்தது, அதற்கு முன் என்னென்ன ஆன்டிபயாடிக் எத்தனை நாள் போனது, பக்கத்துக் கட்டில்களில் அதே கிருமி இருந்ததா. இந்த நான்கையும் எழுதி, மாவட்ட ஆட்சியரின் விபத்து அறிக்கையோடு இணைத்து, இறந்தவரின் வீட்டுக்கு ஒரு பிரதி தர வேண்டும்.